ஸ்பூலரை நிறுத்தியதில் பிரிண்டரே காணோம். எந்த சர்வீஸை அணைக்கலாம்?

கேள்வி (புளியரைக் கடைக்காரர்):
புளியரை செக்போஸ்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. காலை 5 மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். சரக்கு லாரிக்காரர்களுக்கு மலைப்பாதையில் எஸ் வளைவு ஏறுவதற்குள், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் கையில் வேண்டும்.

கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க். ஆன் செய்ததும் பத்து நிமிடம் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். வேகமாக்குகிறேன் என்று மச்சினன் பின்னணியில் ஓடும் ஏழெட்டு சர்வீஸை டிஸேபிள் செய்துவிட்டுப் போனான். வேகம் கூடியது நிஜம். மறுநாள் பார்த்தால் பிரிண்டரே இல்லை என்கிறது. புனலூர் போகிற சேட்டா ஒருவர் போனில் பில்லை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். அவரை வெறுங்கையோடு அனுப்பியது மனசு ஆறவில்லை. எதைத் திரும்பப் போட, எதை அப்படியே விட?

பதில் (தென்காசியில் சிஸ்டம் பழுது பார்ப்பவர்):
அண்ணாச்சி, முதலில் பிரிண்ட் ஸ்பூலர். பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் சர்வீஸ் அதுதான். சர்வீசஸ் பட்டியலில் அதை டபுள் கிளிக் செய்து ஆட்டோமேட்டிக், அப்ளை, ஸ்டார்ட். ஓடி உடனே நின்றால் வரிசையில் ஏதோ சிக்கியிருக்கிறது. ஸ்பூலரை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அங்கிருக்கும் ஃபைல்களை அழியுங்கள். ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். பிறகு ஸ்டார்ட்.

பதில் (கொழிஞ்சாம்பாறைக்காரர்):
டிஸேபிள் என்றால் யார் கூப்பிட்டாலும் அந்த சர்வீஸ் எழுந்திருக்காது. மேனுவலில் விட்டால் தேவைப்படும்போது விண்டோஸே எழுப்பும். மச்சினன் தொட்டதையெல்லாம் முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் டிஸ்கைத் தின்பது பெரும்பாலும் சிஸ்மெயினும், தேடுவதற்காக ஃபைல்களைப் பட்டியல் போடும் விண்டோஸ் சர்ச்சும்தான். பழைய சூப்பர்ஃபெட்ச்தான் இப்போது சிஸ்மெயின். அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைக்கும். 4 ஜிபியில் அதற்கு இடம் ஏது? ஒன்றை நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள், பிறகு அடுத்தது. மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். ரிமோட் புரொசீஜர் கால் என்ற சர்வீஸ் பக்கம் போகவே வேண்டாம், ஸ்பூலரே அதை நம்பித்தான் ஓடுகிறது. கையில் காசு வந்ததும் ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள்.

புளியரைக் கடைக்காரர்:
தென்காசி அண்ணாச்சி சொன்னதுதான். ஸ்பூலர் ஓடி ஓடி நின்றது. உள்ளே இரண்டு ஃபைல், ஒன்று எஸ்பிஎல், இன்னொன்று எஸ்எச்டி. முந்தாநாள் பாதியில் நின்ற ஆதார் படிவம். அழித்ததும் பிரிண்டர் தடதடவென்று எழுந்துவிட்டது. சிஸ்மெயினை நிறுத்தினேன், டிஸ்க் 3 நிமிடத்தில் அடங்குகிறது. சர்ச்சைத் தொடவில்லை. ஸ்கேனர் கம்பெனி சர்வீஸை மட்டும் சற்றுத் தாமதமாகத் தொடங்கும் டிலேய்டு ஸ்டார்ட்டில் போட்டிருக்கிறேன். விடியக்காலையில் ஸ்கேன் கேட்டு யாரும் வருவதில்லை.