மறு: மறு: ‘ரெட் ஃப்ளாக் லா’ – செங்கொடிச் சட்டமா?

> அமெரிக்காவில் நடக்கும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு விவாதம் பற்றி எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்துக்காக ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். ‘ரெட் ஃப்ளாக் லா’ என்பதைச் ‘செங்கொடிச் சட்டம்’ என்று போட்டிருக்கிறேன், சரியா? ‘கன் வயலன்ஸ்’, ‘பைபேக்’ இரண்டுக்கும் சொல் வேண்டும்.

காட்பாடியிலிருந்து எழுதிய மாணவிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

செங்கொடி வேண்டாம் அம்மா. நான் குடியாத்தத்துக்காரன். எங்கள் ஊரில் செங்கொடி என்றால் பீடித் தொழிலாளர் ஊர்வலம்தான் கண்ணுக்கு வரும். உங்கள் கையேட்டைப் படிக்கிறவர், தொழிற்சங்கத்தை ஒடுக்க அமெரிக்கா ஏதோ சட்டம் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ‘சிவப்புக் கொடிச் சட்டம்’ என்று பிரித்தால் காட்பாடி ஜங்ஷனில் கார்டு வந்து நிற்பார். அது கொஞ்சம் பரவாயில்லை, ‘நில், ஆபத்து’ என்ற பொருளாவது கிடைக்கிறது. ஆனால் யார், யாரிடமிருந்து, எதை, எத்தனை நாளைக்கு எடுக்கிறார்கள் என்பது எந்தக் கொடியிலும் இல்லை.

முதலில் சட்டம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒருவர் தன்னையோ பிறரையோ சுட்டுவிடுவார் என்று வீட்டாரோ போலீசாரோ பயப்படுகிறார்கள். நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார்கள். நீதிபதிக்கு நியாயமாகப் பட்டால் சில நாட்களுக்கு ஒரு தற்காலிக ஆணை. அதற்குள் துப்பாக்கிக்காரரை அழைத்து விசாரித்து, ஆபத்து உண்மைதான் என்று தெரிந்தால் பெரும்பாலும் ஒரு வருடம் வரைக்கும் ஆணை நீளும். அதுவரை அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, புதிதாக வாங்கவும் கூடாது. காலம் முடிந்தால் திரும்பக் கிடைக்கும். இது சிவில் நடவடிக்கை. அவர் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை. கனெக்டிகட் மாநிலம் 1999-இல் தொடங்கி வைத்தது, இந்தியானா 2005-இல். கலிபோர்னியாவில் 2014-இல் வந்த சட்டம் வீட்டாரே மனுப் போட வழி செய்தது. பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த பிறகு 2018-இல் புளோரிடாவும் கொண்டுவந்தது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டப்பெயர் வேறு. ‘சிவப்புக் கொடி’ பத்திரிகைகள் வழங்கும் பெயர்தான்.

இப்போது குழுவில் வந்த சொற்கள்.

‘துப்பாக்கிப் பறிமுதல் சட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லைப் போட்டால் பட்டிமன்றத்தில் ஓர் அணி பேசுவதற்கு முன்பே தோற்றுவிடும். எதிர்ப்பவர்களின் வாதமே இதுதான்: குற்றம் எதுவும் செய்யாதவனிடம், முதல் ஆணையில் அவன் பேச்சையே கேட்காமல், துப்பாக்கியைப் பறிக்கிறார்கள். அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது, நடைமுறை நியாயம் பற்றிய கேள்வி அது. ஆனால் ஓர் அணியின் வாதத்தைச் சட்டத்தின் பெயராகவே வைக்கலாமா? நம் காதில் பறிமுதல் என்றால் கள்ளச்சாராயம், மணல் லாரி. போனது போனதுதான்.

‘துப்பாக்கி விலக்குச் சட்டம்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலக்கு இருபக்கமும் வெட்டும் கத்தி. மதுவிலக்கு என்றால் மது கூடாது. வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். துப்பாக்கி விலக்கு எந்தப் பக்கம்? தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டாம் என்று வங்கிக் காவலாளிகளுக்கு அனுமதி தருவதைக்கூட விலக்கு என்றுதான் சொல்கிறோம். முப்பது வருடம் வருவாய்த் துறையில் கோப்பு தள்ளியவன் சொல்கிறேன், இந்தச் சொல்லால் ஒரு கோப்பு நிச்சயம் தவறான மேஜைக்குப் போகும்.

‘ஆயுதத் தடுப்புக் காவல்’ என்று எழுதிய சேலத்து நண்பரைப் பாராட்டுகிறேன். ஆளை உள்ளே வைப்பதற்குப் பதில் துப்பாக்கியை உள்ளே வைக்கிறார்கள் என்ற கருத்து அழகாக வந்துவிட்டது. ஆனால் குண்டர் சட்டத்தின் வாடை போகவில்லையே!

துப்பாக்கிக்கே தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்களுக்கு: துருக்கியிலிருந்து நடந்து வந்த சொல் என்றாலும், மலையேறி ஜவ்வாது வரை குடியேறிவிட்டது. எல்லாவகைச் சுடும் கருவிக்கும் பொதுப்பெயர் வேண்டும் என்றால் ‘சுடுகலன்’ இருக்கிறது, சட்ட உரைக்கு ஆகும். பன்னிரண்டாம் குறளில் துப்பாக்கி இருக்கிறது என்று இந்த முறையும் ஒருவர் போட்டுவிட்டார். அது மழையைப் பற்றியது ஐயா. உணவை ஆக்கித் தருவது. ஒவ்வொரு இழையிலும் அந்தக் குறளை இழுத்து வருவதற்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் வேண்டும்.

கையேட்டின் முதல் பக்கத்துக்கு ஒன்று சொல்ல ஆசை. அமெரிக்க அரசமைப்பில் 1791-இல் வந்த இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமை என்கிறது. அது தனிமனிதரின் உரிமை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 2008-இல் ஹெல்லர் வழக்கில் சொன்னது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் 2024-இல் ரகிமி வழக்கில் சொன்னது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வாங்கினால்தான் துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான். அங்கே உரிமை, இங்கே உரிமம். தமிழில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. உங்கள் பிள்ளைகள் மேடையில் இதைக் குழப்பினால் விவாதமே கவிழ்ந்துவிடும்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வீட்டுக் கதை.

என் பெரிய மாமாவுக்கு ஒடுகத்தூர் பக்கம், மலை அடிவாரத்தில் நிலம். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.பி.எல். என்று இருக்கும், மாமா அதை ‘நம்ம எஸ்பி’ என்பார். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். பழைய லுங்கியில் சுற்றி, சைக்கிள் பாரில் கயிறு போட்டுக் கட்டி எடுத்துப் போவார். பின்னால் கேரியரில் நான். ரைட்டர் நம்பரைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதி, ரசீது கிழித்துக் கொடுப்பார். “எண்ணெ போட்டுத்தான் கொண்டாந்திருக்கேன், ஈரச் செவுத்துல சாத்தி வெச்சிடாதீங்க” என்பார் மாமா. ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே வார்த்தை. வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வருவார்.

அத்தை இறந்த வருடமும் ஒரு தேர்தல் வந்தது. முடிவு வந்து ஊரில் எல்லோரும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிவிட்டார்கள், மாமாவுடையது மட்டும் வரவில்லை. ரசீது மூத்த மகனின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. “இன்னும் மேலேருந்து ஆர்டர் வரலியாம்ப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மாமா அப்போது சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரியில் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மகன் சொல்வது பொய் என்று அவருக்குப் புரியாமல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு தடவைகூட ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்கவில்லை. மல்லாட்டை முளைத்துப் பன்றி இறங்கிய பிறகு, ஒருநாள் காலையில் அவரே “ரசீத எடுடா” என்றார். எடுத்துக் கொடுத்தான்.

கனெக்டிகட்காரர்கள் சட்டமாக எழுதியதை என் மாமன் மகன் ஒரு பொய்யால் செய்தான். அன்றைக்கு அந்தத் துப்பாக்கியை யாரும் பறிமுதல் செய்யவில்லை. அது ஒப்படைத்த இடத்திலேயே கொஞ்ச நாள் கூட இருந்தது, அவ்வளவுதான். அதனால் ‘இடைக்கால ஆயுத ஒப்படைப்பு ஆணை’, சுருக்கமாக ‘ஆயுத ஒப்படைப்புச் சட்டம்’ என்பது என் பரிந்துரை.

— குடியாத்தத்திலிருந்து

*

> ஐயா, உங்கட கதை மனசில நிக்குது. ஆனா யாழ்ப்பாணத்தில பிறந்த எங்களுக்கு ‘ஆயுத ஒப்படைப்பு’ எண்டால் இயக்கங்கள் இந்திய ராணுவத்திட்ட ஆயுதம் குடுத்த 1987 ஆகஸ்ட் தான். வேற ஒண்டும் நினைவுக்கு வராது. அதில திரும்பக் குடுக்கிற கதையும் இல்லை. ‘துப்பாக்கி முடக்கம்’ எண்டு வைச்சால் என்ன? வங்கிக் கணக்கை முடக்கிற மாதிரி, காசு உங்கடதுதான், எடுக்க ஏலாது.
> — டொரண்டோவிலிருந்து

டொரண்டோ ஐயாவுக்கு வணக்கம்.

எனக்கு இது தோன்றவே இல்லை. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்போது பத்திரிகையில் அந்தச் சொல்லை நானும் தினமும் படித்தவன்தான், மறந்துவிட்டேன். உங்களுக்கு மறக்காது. இங்கேயும் காட்டிலிருந்து வந்து சரணடைகிறவர்கள் செய்வதை ஆயுத ஒப்படைப்பு என்றுதான் செய்தியில் சொல்கிறார்கள். எடுத்துவிடுகிறேன்.

முடக்கம் நல்ல சொல், உடைமை மாறவில்லை என்பதைத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் கணக்கை முடக்கலாம், துப்பாக்கியை முடக்கினால் சுட முடியாதபடி குழலை அடைத்துவிட்டார்கள் என்று ஆகும். செயலிழக்க வைத்த துப்பாக்கி என்று வேறொரு வகை இருக்கிறது, முடக்கத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

நேற்று ராத்திரி யோசித்ததில் ‘கையடை’ கிடைத்தது. பாதுகாக்கும்படி ஒருவர் கையில் கொடுத்து வைக்கும் பொருள். கம்பனில் தயரதன் இராமனை விசுவாமித்திரரிடம் கொடுத்தனுப்பும் பகுதிக்குக் கையடைப் படலம் என்றே பெயர். (பிள்ளையை வில்லோடு சேர்த்துத்தான் அனுப்பினான், அதைப் பட்டிமன்றத்தில் யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.) ஒப்படைப்பில் திரும்ப வருமா என்ற கேள்வி தொங்கும், கையடையில் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் கடமை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்தை எதிர்ப்பவரும் இந்தப் பெயரைச் சொல்லியே எதிர்க்கலாம்: “கையடை என்கிறாய், என்னைக் கேட்டா வாங்கினாய்?” என்று. கலைச்சொல் இரு அணிக்கும் வளைந்துகொடுக்க வேண்டும்.

கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். கையடை ஆணை, கையடை மனு, கையடைக் காலம், கையடைச் சீட்டு. மாமாவின் டிரங்குப் பெட்டி ரசீது கையடைச் சீட்டு. ஆயுதத்தை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் போட்டுவிடுங்கள்: துப்பாக்கிக் கையடைச் சட்டம். முதல் தடவை மட்டும் ‘சிவப்புக் கொடிச் சட்டம் என்று அங்கே வழங்கும்’ என்று அடைமொழி கொடுத்தால் தேடுகிறவருக்கு உதவும்.

மற்ற இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடும். ‘பைபேக்’கைத் திரும்ப வாங்கல் என்று எழுதாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு அரசாங்கம் சுமார் 6,50,000 துப்பாக்கிகளைப் பணம் கொடுத்து வாங்கி அழித்தது. அரசாங்கம் விற்றிருந்தால் அல்லவா திரும்ப வாங்குவதற்கு? ‘ஈட்டுக் கொள்முதல்’ போதும்: இழப்பீடு கொடுத்துக் கொள்வது.

‘கன் வயலன்ஸ்’தான் கொஞ்சம் ஏமாற்றும். துப்பாக்கி வன்முறை என்று எல்லோரும் எழுதுகிறோம், எனக்கும் கை அப்படித்தான் போகும். ஆனால் அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குள் அவர்களையும் சேர்த்துப் பேசுவது உண்டு. தமிழில் வன்முறை என்றால் எதிரே இன்னொருவன் நிற்க வேண்டும். திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். எண்ணிக்கை வரும் இடங்களில் ‘துப்பாக்கிச் சாவுகள்’ என்று போடுங்கள். கொலை, ஒரே சமயத்தில் பலரைச் சுட்டுக் கொல்வது பற்றிப் பேசும்போது துப்பாக்கி வன்முறை இருக்கட்டும். ‘துப்பாக்கிக் கட்டுப்பாடு’ ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

அகராதிப் பதிவுக்கு இப்படி எழுதலாம்:

துப்பாக்கிக் கையடை ஆணை: தனக்கோ பிறர்க்கோ உயிராபத்து விளைவிக்கக்கூடும் என்று நீதிமன்றம் கருதும் ஒருவரின் துப்பாக்கிகளைக் குறித்த காலத்துக்குப் பிறர் பொறுப்பில் வைக்கவும், அக்காலத்தில் அவர் புதிதாக வாங்காதிருக்கவும் இடும் சிவில் ஆணை. ஆணை முடிந்தபின் உடையவருக்கே திரும்பும்.

‘பிறர் பொறுப்பில்’ என்றது வேண்டுமென்றேதான். சில மாநிலங்களில் போலீசிடம்தான் என்றில்லை, லைசென்ஸ் உள்ள கடைக்காரரிடமும் கொடுத்து வைக்கலாம்.

எனக்கு ஒரே ஒரு பயம். உங்கள் அச்சகத்தில் இருக்கிற பையனுக்கோ கணினிக்கோ கையடை தெரியாது. ‘துப்பாக்கிக் கையாடல் சட்டம்’ என்று திருத்தி, அமெரிக்கர்கள் எல்லோரையும் திருடர்கள் ஆக்கிவிடும். அச்சுக்குப் போகும் முன் புரூஃபை ஒருமுறை எனக்கு அனுப்புங்கள் அம்மா.

— குடியாத்தத்திலிருந்து