யூநேம் பார்க்காமல் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதிய கதை

லேப்டாப்பை மூடித் திறந்தால் டச்பேட் செத்துப்போகும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 6.6 பதிப்பில் மட்டும்தான். 6.8-ஐப் போட்டுப் பார்த்தேன், அதில் தொல்லையே இல்லை. ஆனால் என் பழைய வைஃபை டாங்கிளின் டிரைவர் (அதை இயக்கும் நிரல்) 6.8-இல் கம்பைல் ஆகாது, அதாவது மூலநிரலிலிருந்து கட்ட முடியாது, அதனால் 6.6-ஐ விட வழியில்லை. கர்னல்காரர்களுக்கு விவரம் எழுதிப் போட்டேன். கர்னலில் டச்பேட் சம்பந்தப்பட்ட பகுதியைப் பராமரிப்பவர் 6.8-இல் இருந்த திருத்தத்தை 6.6-க்கு ஏற்றபடி மாற்றித் தனிக் கிளையில் (கோடின் தனிப் பிரதியில்) வைத்து, கட்டிப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் கிட் ஃபெட்ச் (கிளையை இறக்க), செக்அவுட் (அதற்கு மாற), பிறகு மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் (எதையெல்லாம் கட்டுவது என்ற கான்ஃபிக் பட்டியலைச் சுருக்க). இந்தக் கடைசி சங்கதி தெரியாமல் முன்பொரு தடவை டிஸ்ட்ரோவோடு (லினக்ஸ் தொகுப்போடு) வந்த நீளமான கான்ஃபிக்கை அப்படியே வைத்து ராத்திரி முழுக்க கம்பைல் ஓடவிட்டவன் நான். லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கர்னல் துண்டுகளை) மட்டும் எடுத்தால் சீக்கிரம் முடியும். அன்றாடம் செருகும் யுஎஸ்பி சாமான்களை முன்கூட்டியே செருகிவிடுங்கள், இல்லையென்றால் அவற்றின் டிரைவர் விடுபட்டுப்போகும்.

ரீபூட். 10 தடவை மூடித் திறந்தேன், டச்பேட் ஜோராக இருந்தது. ‘டெஸ்டட்-பை’ (சோதித்தவர்) என்று பெயர் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் டாங்கிளைச் செருகினால் வைஃபை வரவில்லை. சுருக்கென்றது. ஓடும் கர்னலின் எண்ணைச் சொல்லும் யூநேம் -ஆர் கட்டளையை அடித்தால் 6.8! பூட் மெனுவைக் காட்டும் க்ரப், பெரிய எண்ணைத்தான் முதலில் வைக்கும். நான் கட்டிய 6.6 மெனுவில் கீழே சும்மா உட்கார்ந்திருந்தது.

அதைத் தேடிப்பிடித்து பூட் பண்ணினால், முதல் தடவையிலேயே டச்பேட் காலி. மன்னிப்புக் கேட்டு எழுதக் கை கூசியது. அவர் கோபப்படவில்லை. கர்னல் லாக்கை வாங்கிப் பார்த்தார். கூடவே வரவேண்டிய இன்னொரு கமிட் (பதிந்துவைத்த கோட் மாற்றம்) விடுபட்டிருந்தது. சேர்த்து மறுபடி ஏற்றினார்.

இப்போதெல்லாம் கர்னல் எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் லோக்கல்வெர்ஷனில் கிளையின் பெயரையே ஒட்டிவிடுகிறேன். திருத்தம் இல்லாத கர்னலையும் அதே கான்ஃபிக்கில் கட்டி, கோளாறு வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் 1

நீங்கள் சொன்ன ‘மறுபடி ஏற்றினார்’ என்ற இடத்தில்தான் நான் விழுந்தேன். சோதனைக் கிளையைப் பராமரிப்பவர்கள் ரீபேஸ் பண்ணி (கமிட்டுகளைப் புதிதாக அடுக்கி) ஃபோர்ஸ் புஷ் அடிப்பார்கள் (பழையதை மாற்றி ஏற்றுவார்கள்). நான் பழக்கதோஷத்தில், இறக்கியதை என் கிளையோடு இணைக்கும் கிட் புல் அடித்தேன். பழைய பேட்சும் புதுசும் மெர்ஜ் ஆகி, ஒரே இஃப் கண்டிஷன் இரண்டு இடத்தில் நின்றது. ஃபெட்ச் பண்ணிவிட்டு, உங்கள் கிளையை அவர்களுடையது போலவே ஆக்கும் ரீசெட் ஹார்ட் போடுங்கள். எதைச் சோதித்தீர்கள் என்று கமிட் ஹாஷில் (அதன் அடையாளக் குறியில்) முதல் 12 எழுத்தையும் எழுதிவிடுங்கள்.

பதில் 2

என்னுடையது பைசெக்ட், அதாவது கோளாறைக் கொண்டுவந்த கமிட்டைத் தேடிப்பிடிக்கும் வேலை. இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே 10,000 கமிட்டுக்கு மேல் இருந்தாலும், பாதி பாதியாக வெட்டினால் 14 தடவை கட்டினால் போதும். எட்டாவதில் கோளாறு உடனே தலைகாட்டவில்லை, தூக்கக் கலக்கத்தில் ‘குட்’ (கோளாறு இல்லை) என்று அடித்துவிட்டேன். கடைசியில் அது கைகாட்டிய குற்றவாளி, கமென்ட்டில் எழுத்துப்பிழை திருத்திய ஒரு கமிட்! பைசெக்ட் லாக்கை எடுத்து, தப்பாக அடித்த அந்த ‘குட்’ பதிவையும் அதற்குக் கீழே எல்லாவற்றையும் அழித்து, மிச்சத்தை மறுபடி ஓட்டும் ரீப்ளே போட்டேன்.