வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றுவது எப்படி?

வேளச்சேரி குடித்தனக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கணவரின் வேலை காரணமாக நான்கு ஆண்டுகளாகச் சென்னை வேளச்சேரியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். எங்கள் இருவரின் வாக்காளர் அடையாள அட்டையும் ஊர் முகவரியில்தான் இருக்கின்றன. ஊரில் உள்ள வீடு பூட்டியே கிடக்கிறது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் போய் வருகிறோம்.

இங்கேயே பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தபோது பல ஐயங்கள் எழுந்தன. வீட்டுக்காரர் 11 மாத ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறாரே தவிர, அது பதிவு செய்யப்பட்டதன்று. மின் கட்டண அட்டையும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்த நிலையில் முகவரிச் சான்றாக எதைக் கொடுப்பது? அடுத்ததாக, மே மாதம் 18 வயது நிறைந்த எங்கள் மகன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் தங்கி மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படிக்கிறான். அவனை எந்த ஊரில் சேர்க்க வேண்டும்? ஊரில் உள்ள பெயரை எடுத்துவிட்டால் அங்குள்ள ரேஷன் அட்டைக்கும் வீட்டு வரிக்கும் ஏதேனும் சிக்கல் வரும் என்று உறவினர்கள் அச்சுறுத்துகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

வணக்கம் அம்மா. அரசுப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் சில ஆண்டுகள் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, ஊரில் உங்கள் பெயர்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிந்தவர்கள் ஆகியோரோடு, வீடு மாறியவர்கள், வீட்டில் காணப்படாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களும் அதில் அடக்கம். பூட்டிய வீட்டின் முகவரியில் பெயர் வைத்திருப்பவர்கள் இதைச் சரிபார்க்காமல் எந்தப் படிவத்தையும் நிரப்பக் கூடாது என்பது என் கருத்து. அட்டை கையில் இருக்கிறது என்பதாலேயே பெயர் பட்டியலில் இருக்கிறது என்று பொருளாகாது. பெயர் இருந்து அட்டை இல்லாதவர் ஆதார், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் போன்ற ஏதேனும் ஓர் ஆவணத்தைக் காட்டி வாக்களித்துவிடலாம். அட்டை இருந்து பெயர் இல்லாதவர் வாக்குச்சாவடியிலிருந்து திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படித் திரும்பியவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்தால், உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பட்டியல் பகுதியைக் குறிக்கும் பாகம் எண்ணும் அதில் உங்கள் வரிசை எண்ணும் வந்துவிடும். இணைய வசதி இல்லாதவர்கள் 1950 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

பெயர் இருந்தால் நீங்கள் இருவரும் தர வேண்டியது படிவம் 8. குடிபெயர்வு, பிழைத் திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பைச் சேர்த்தல் ஆகிய அனைத்துக்கும் 2022 ஆகஸ்ட் முதல் இந்த ஒரு படிவம்தான். தொகுதி விட்டுத் தொகுதி மாறுவோரும் இதையே பயன்படுத்த வேண்டும். புதிய இடத்தில் பெயர் ஏறும்போது பழைய இடத்துப் பதிவு அலுவலக வழியிலேயே நீக்கப்படும். அதற்கென்று நீங்கள் பெயர் நீக்கக் கோரும் படிவம் 7ஐத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. அட்டையின் எண்ணும் மாறாது. ஊரில் பெயர் நீங்கியிருந்தால் மட்டும், புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுங்கள்.

முகவரிச் சான்றைப் பொறுத்தவரை, பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் ஏற்கப்படும் ஆவணங்களுள் ஒன்றே தவிர, அது மட்டுமே சான்று என்றில்லை. வேளச்சேரி முகவரி உள்ள ஆதார், நடப்பில் உள்ள வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், கடவுச்சீட்டு, குறைந்தது ஓராண்டுக்கான எரிவாயு, குடிநீர் அல்லது மின் கட்டண ரசீது ஆகியவற்றுள் ஒன்று போதும். கணவர் பெயர் இதே முகவரியில் ஏறிவிட்டால், அவர் பெயரில் உள்ள ஆவணத்தையே உங்களுக்கும் காட்டலாம். வாடகைக் குடும்பங்களில் பெரும்பாலும் எரிவாயு இணைப்பாவது சொந்தப் பெயரில் இருக்கும் என்பதைக் கவனித்திருக்கிறேன். இவற்றுள் எதுவும் இல்லையென்றால்கூட விண்ணப்பிக்கும் உரிமை போய்விடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து நீங்கள் அங்கே குடியிருப்பதை உறுதி செய்ய வேண்டும். வீடே இல்லாமல் நடைபாதையில் உறங்குபவரைக்கூட, இரவில் அங்கே சென்று பார்த்து உறுதி செய்து பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதுதான் ஆணையத்தின் அறிவுறுத்தல்.

உங்கள் மகனுக்குப் படிவம் 6. முன்பெல்லாம் 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாளாக ஜனவரி 1 மட்டுமே இருந்ததால், மே மாதத்தில் 18 நிறைந்தவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்தது. எனவே அவர் ஜூலை 1ஐக் கொண்டு தகுதி பெறுகிறார். இதைச் சொல்லும்போது என் தம்பியின் நினைவு வருகிறது. 1989 ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 21 வயது நிறையவில்லை என்று வாக்களிக்க முடியாமல் நின்றவன், அரசமைப்பின் 61ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியதால் அதே ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் வாக்களித்தான். அன்று விரலில் வைத்த மையைத் தெருவெல்லாம் காட்டினான்.

விடுதி மாணவர் பெற்றோரின் முகவரியிலும் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம். அது அவர் விருப்பம். விடுதி முகவரி என்றால், படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் குறைந்தது ஓராண்டுக்கானதாகவும் இருக்க வேண்டும். கல்லூரியில் படிப்பதற்கான சான்றிதழை இணைக்க வேண்டும். வாக்குப்பதிவு நாளில் அவர் எங்கே இருப்பார் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மடிப்பாக்கம் வாசகர்

எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் சகோதரிக்கு உதவும். நானும் மனைவியும் இணையத்தில் படிவம் 8 அனுப்பிவிட்டு, இனி வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். இருவரும் பணிக்குச் செல்பவர்கள் என்பதால் பகலில் சரிபார்க்க வந்த அலுவலர் பூட்டிய கதவைத்தான் பார்த்தார். எதிர் வீட்டார் எங்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது வியப்பில்லை. சில வாரங்கள் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

இரண்டாம் முறை, விண்ணப்பித்தவுடன் எங்கள் பாகத்துக்குரிய வாக்குச்சாவடி நிலை அலுவலரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் அதே இணையதளத்தில் கண்டெடுத்துப் பேசினோம். அவர் ஒரு அங்கன்வாடிப் பணியாளர். தம் வேலையை முடித்துவிட்டு, மாலை ஆறரை மணிக்கு எங்களுக்காக மூன்று மாடி ஏறி வந்தார். ஆவணங்களைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிச் சென்றார். விண்ணப்பத்தின் குறிப்பு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

வழக்கறிஞர், தாம்பரம்

முன்னவர்கள் நடைமுறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சட்டத்தின் நிலையை மட்டும் சேர்க்கிறேன். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஒருவர் எந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான் பதிவு பெற உரிமையுடையவர் என்கிறது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவராகக் கருதப்படமாட்டார் என்று 20ஆவது பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே, ஊரில் பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டைவிட, நீங்கள் அன்றாடம் வாழும் வாடகை வீட்டுக்கே சட்டத்தின் பார்வையில் எடை அதிகம். வீட்டுக்காரரின் விருப்பமோ தயக்கமோ இதில் குறுக்கே வர இடமில்லை.

இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதை 17ஆவது பிரிவு தடுக்கிறது. சிலர் ஊர்ப் பெயரை மறைத்துவிட்டுப் படிவம் 6ஐப் புதிதாகக் கொடுக்கிறார்கள். வேறெந்தத் தொகுதியிலும் பெயர் இல்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டுத்தான் அதைத் தர வேண்டும் என்பதால், அது பொய்யான உறுதிமொழியாகிவிடும். 31ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அறியாமல் செய்பவர்களே மிகுதி என்பதால் எச்சரிக்கிறேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 15 நாள்களுக்குள் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் ஏற்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. ரேஷன் அட்டையும் வீட்டு வரியும் வேறு சட்டங்களின்கீழ் வருபவை. வாக்காளர் பட்டியலில் இடம் மாறுவதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. உறவினர்களிடம் இதை உறுதியாகச் சொல்லுங்கள்.

வேளச்சேரி குடித்தனக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று தேடிப் பார்த்தேன். கணவரின் பெயர் ஊரில் இருக்கிறது. என் பெயர் இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் பெயர் மட்டும் எப்படி விடுபட்டது என்று புரியவில்லை. அப்படியானால் அவருக்குப் படிவம் 8, எனக்குப் படிவம் 6 என்று கொள்ளலாமா? தேர்தல் அறிவித்த பிறகு கொடுத்தாலும் போதும் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

படிவங்களைப் பற்றி நீங்கள் கொண்டது சரி அம்மா. ஒரு முறை பெயரிலும், தந்தை அல்லது கணவர் பெயரிலும் எழுத்து மாற்றித் தேடிவிட்டு, அப்போதும் கிடைக்காவிட்டால் படிவம் 6 கொடுங்கள். தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம். வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்த பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் ஒரு பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அதற்கு முன்னும், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆட்சேபணைக்காக ஏழு நாள்கள் வைத்திருந்து, பின்னர் விசாரித்து முடிக்க வேண்டும். கடைசி வாரத்தில் வரும் விண்ணப்பங்கள் அதனால்தான் தங்கிவிடுகின்றன. உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலையே அடிப்படையாகக் கொள்வதால், இப்போது விடுபட்டால் அதிலும் விடுபடும். கணவரின் விண்ணப்பத்தை இன்றே அனுப்பிவிட்டு, அவர் அட்டை எண்ணை உங்கள் படிவத்தில் குடும்ப உறுப்பினர் பகுதியில் குறிப்பிடுங்கள். சரிபார்க்க வருபவர் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக் கொடுக்க அது உதவும்.