'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' எங்க ஊட்டு டிவியில நீலமாத் தெரியுதுங்க, அய்யனுக்குக் காட்டணும்

சோமனூர்_தறிக்காரன்:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. பழைய ஃபிராங்கன்ஸ்டைன் பேய்ப்படத்தைக் கிண்டலடிச்சு 1974-ல மெல் புரூக்ஸ் எடுத்த கருப்பு வெள்ளை சிரிப்புப் படம் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' பத்தித்தான் கேக்கோணும்.

இந்தப் படத்தை நான் மொதல்ல பாத்தது 1996-ல, கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறப்ப. காந்திபுரத்துல ஒரு வீடியோ லைப்ரரில வாடகைக்கு எடுத்த கேசட்டு. ஓடி ஓடி நஞ்சுபோன டேப்பு, கருப்பெல்லாம் சாம்பலாக் கெடந்துச்சு. ரூம்ல அஞ்சு பேரு, இங்கிலீசு பாதிதான் புரிஞ்சுது. ஆனா அந்தக் கண்ணு தெரியாத சாமியார் காட்சி இருக்குதே, அதுக்குப் பாசை எதுக்குங்க? நடிச்சது ஜீன் ஹேக்மேன். தனியாக் கெடந்த மனுசன் ஊட்டுக்கு ராட்சசன் ஒறம்பரை வந்துட்டான். கொதிக்கற சூப்பைக் கரண்டில மோந்து, கிண்ணம் எங்கன்னு தெரியாம அவன் மடியில ஊத்தறாரு. அடுத்து குவளையை இடிச்சு ஒடைக்கறாரு. சுருட்டுன்னு நெனச்சு அவன் கட்டைவெரலைப் பத்த வெக்கறாரு. எல்லாம் ஆளு வந்த சந்தோசத்துலதான். நம்ம ஊட்டுல ஒறம்பரை போதும் போதும்னு கையை மறிச்சாலும் எலைல ஊத்துவாங்கல்ல, அதே மனசு. அன்னைக்குச் சிரிச்சது இன்னும் ஞாபகம் இருக்குது.

இப்ப மச்சினன் அமெரிக்காவுல இருந்து டிவிடி கொண்டாந்து குடுத்தான். என்னோட பிளேயர் எல்லா நாட்டு டிஸ்க்கும் ஓட்டும், அதுல தொந்தரவு இல்ல. புது டிவி, 55 இன்ச். போட்டுப் பாத்தா வெள்ளையெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்குது, சொட்டு நீலம் தூக்கலாப் போட்ட வேட்டி மாதிரி. ஆளுக நடக்கறதும் வழுக்கிட்டுப் போறாப்புல, மத்தியான சீரியல் கணக்கா. பழைய கேசட்டுல இருந்த அந்தப் பேய்ப்பட இருட்டையே காணோம்.

அய்யனுக்கு 78 வயசு. டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குமிச்சு உக்காந்து படம் பாத்து வளந்தவரு. பத்து நிமிசம் பாத்துட்டு, "ஏங்கண்ணு, 74-ல கலர் வந்துருச்சே, இவங்க கையில காசு இல்லையா?"ன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. எந்திரிச்சுப் போயிட்டாரு.

கோளாறு டிஸ்க்குலயா, டிவிலயா? அய்யனுக்கு நான் என்ன பதில் சொல்றது?

திருப்பூர்_செக்கிங்:

டிஸ்க்கு மேல பழி போடாதீங்கண்ணா. ஒண்ணு பண்ணுங்க. ரிமோட்டுல கலரை சைபருக்கு எறக்குங்க. அப்பவும் நீலம் போகலைன்னா அது டிவியோட வெள்ளைதான். கலர் டெம்பரேச்சர் 'கூல்'ல இருக்கும், 'வார்ம்'க்கு மாத்துங்க. மொதல்ல மஞ்சளடிச்ச மாதிரி தெரியும், பயந்து திருப்பி மாத்தீராதீங்க. ஒரு நாள் பொறுத்தா கண்ணு பழகிக்கும்.

எனக்குப் பனியன் கம்பெனில ஷேடு பாக்கற வேலை. பையர் அனுப்புன சாம்பிளையும் சாயப்பட்டறைல இருந்து வந்த துணியையும் லைட் பாக்ஸுக்குள்ள வெச்சு, டி65 பல்பு போட்டுத்தான் பாஸ் பண்ணுவோம். பகல் வெளிச்சத்துக்குன்னு வெச்ச அளவு அது, 6500 கெல்வின் பக்கம் வரும். டிவி வெள்ளைக்கும் அதே டி65தான் கணக்கு. ஷோரூம் வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியட்டும்னு நீலத்தைத் தூக்கி வெச்சுடறாங்க. கலர் படத்துல அது அவ்வளவாத் தெரியாது, கருப்பு வெள்ளைல ஒளிய எடமே இல்ல.

வழுக்கறதுக்கு: ஃபிலிம்ல நொடிக்கு 24 படம். நடுவுல இல்லாத படத்தை டிவியே தயார் பண்ணிச் சொருகுது. மெனுவுல 'மோஷன்'னு என்ன பேர்ல இருந்தாலும் அணைச்சுப் போடுங்க. நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைங்க, அது ஃபிலிம்ல பொடிப்பொடியாத் தெரியற குருணையத் தொடச்சு மூஞ்சியெல்லாம் மெழுகாக்கிடும்.

ஈரோட்டு_ஆப்பரேட்டர்:

தம்பி, உங்க அய்யன் கேட்டது நியாயமான கேள்வி. அதே 1974-ல நம்ம 'அவள் ஒரு தொடர்கதை'யும் கருப்பு வெள்ளைதான். இங்க கலர் ஃபிலிமுக்குச் செலவு சாஸ்தி. அங்க அப்படியில்ல. கொலம்பியா கம்பெனி கருப்பு வெள்ளைக்கு ஒத்துக்கல, அதனால ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்குப் படத்தைக் கொண்டு போனாங்க. வேணும்னே, அடம் புடிச்சு எடுத்த கருப்பு வெள்ளை அது. அய்யன்கிட்ட அதைச் சொல்லுங்க.

1931-ல ஜேம்ஸ் வேல் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' இருக்குதே, அந்த ஆய்வுக்கூடத்து மின்சார மெசினெல்லாம் செஞ்சவரு கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன். அன்னைக்கு டைட்டில்ல அவர் பேரே கெடையாது. நாப்பது வருசத்துக்கு மேல சாமானை ஊட்டுக் கராஜுல வெச்சிருந்திருக்காரு. புரூக்ஸ் அதையே வாங்கிட்டு வந்து ஓட்டி, இந்தப் படத்துல பேரும் போட்டாரு. நீங்க பாக்கற பொறி அதே மெசின்ல இருந்து வர்றதுங்க.

நான் தியேட்டர் புரொஜெக்டர்ல வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிச்ச காலத்து ஆளு. பூத்துல ரெண்டு குச்சிக்கு நடுவுல வெளிச்சம் புடிக்கறதை தெனமும் கண்ணாடி வழியாப் பாத்தவன். அதனால சொல்றேன், சுத்திக் கெடக்கற இருட்டு கரிக்கருப்பா இருந்தாத்தான் பொறி பொறியாத் தெரியும். ஒளிப்பதிவு பண்ணுன ஜெரால்ட் ஹிர்ஷ்ஃபெல்ட் சிரிப்புப் படம்னு ஒரு எடத்துலயும் லேசா விடல. இசையமைச்ச ஜான் மோரிஸோட வயலினும் அப்படித்தான், சோகமாவே வாசிக்குது. 'காதலிக்க நேரமில்லை'ல நாகேஷ் கதை சொல்றப்ப பாலையா நெசமாவே பயப்படறாரு பாருங்க, அந்த நேர்மைதான் இதும்.

கோபி_அம்மிணி:

அண்ணா, படத்துல கோட்டையப் பாத்துக்கற அம்மாவோட 'ஃப்ராவ் ப்ளூகர்'ங்கற பேரைச் சொல்றப்பெல்லாம் குதிரை கனைக்கும். அந்தப் பேருக்கு ஜெர்மன்ல பசைன்னு அர்த்தம், குதிரையக் கொன்னு பசை காச்சுவாங்க, அதான் பயப்படுதுன்னு நெறையப் பேரு எழுதறாங்க. தப்பு. அது வெறும் குடும்பப் பேரு. பேரைக் கேட்டாலே குதிரை மெரளுது, அவ்வளவுதான். அய்யனை, எடுபிடியா வர்ற ஐகோரோட கூனையும் பாக்கச் சொல்லுங்க, எடது தோள்ல இருக்கும், அப்பறம் வலதுல இருக்கும். அதுல நடிச்ச மார்ட்டி ஃபெல்ட்மேன் யாருக்கும் சொல்லாமலே மாத்தி மாத்தி வெச்சாராம்!

சோமனூர்_தறிக்காரன்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கெழமை பொழுதோட போட்டோம். அன்னைக்குத் தறி ஓடாது, வயலின் சத்தம் தெளிவாக் கேட்டுச்சு.

வார்ம் வெச்சேன், மோஷனை அணைச்சேன், லைட்டையும் அணைச்சாச்சு. ஆரம்பத்துல ஹீரோ ஜீன் வைல்டர் பாடம் எடுக்கறப்ப போட்டிருக்கற கோட்டு இப்ப வெளுத்த துணி வெள்ளை. போன வாரம் அதே கோட்டு நீலச் சட்டை மாதிரி தெரிஞ்சுது. நடுவுல எத்தனை சாம்பல்! கோராத் துணில ஒரு வெள்ளை, கஞ்சி போட்டா ஒரு வெள்ளைன்னு பாத்துப் பழகுன கண்ணுக்கு அது விருந்துங்க.

ஸ்ட்ரிக்ஃபேடன் கதையச் சொன்னேன். "பேரு போட்டாங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. போட்டாங்கன்னதும் நிமுந்து உக்காந்தாரு. குதிரை மூணாவது தடவை கனைச்சப்ப அந்தம்மா பேரை அவரே முன்கூட்டிச் சொல்லிட்டாரு.

சூப்பு ஊத்தற எடத்துல, கரண்டி சாயறதுக்கு முன்னாடியே அய்யன் தன்னோட வேட்டிய மடியில இருந்து வெடுக்குன்னு தூக்கிப் புடிச்சாரு. சிரிக்கறப்ப கண்ணுல தண்ணி. அம்மா சாப்பிடக் கூப்புட்டாங்க, அரிசியும் பருப்பும் ஆறிட்டு இருந்துச்சு.

"இருக்கட்டும், அந்தச் சாமியாரை இன்னொருக்காப் போடு கண்ணு"ன்னாரு.