பழைய கே10, மைலேஜ் 16-லிருந்து 13: எத்தனால் காரணமா, வண்டி காரணமா?

மதுரை_கே10

2011 ஆல்ட்டோ கே10, 92,000 கி.மீ. ஓடியிருக்கு. சிட்டிக்குள்ள 16 குடுத்துட்டிருந்தது, இப்ப 13 தாண்ட மாட்டேங்குது. ரூட், ஏசி எல்லாம் பழையபடிதான். டயரும் ஏர் ஃபில்டரும் புதுசு. ஒர்க்‌ஷாப்ல இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் (இன்ஜினுக்குள்ள படிஞ்ச கரியை எடுக்கறது), ஆயில் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்கு பேக்கேஜ் சொல்றாங்க. செய்யலாமா?

கலப்பு_வேண்டாம்

காசை வீணாக்காதீங்க சார். வண்டியில ஒண்ணுமில்ல, பங்க்ல வர்ற பெட்ரோல்தான் மாறிப்போச்சு. இப்ப எங்க போட்டாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கு, எத்தனால்ல 21தான். பழைய கார்ல 6-7 சதவீதம் மைலேஜ் குறையும்னு நிதி ஆயோக்கே 2021 அறிக்கையில எழுதியிருக்கு. பெட்ரோல் ஓஸ் மட்டும் மாத்திட்டு, வர்ற மைலேஜை வெச்சு ஓட்டுங்க.

அளவுகோல்

கணக்கை முழுசாப் போடுவோம். 16-லிருந்து 13-ன்னா கிட்டத்தட்ட 19 சதவீதம். நீங்க சொல்ற 6-7, எத்தனாலே கலக்காத பெட்ரோலோட ஒப்பிட்டது. 2022 நடுவுலேயே நாடு முழுக்க சராசரி கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டாச்சு. 10-லிருந்து 20-க்குப் போறப்ப லிட்டருக்குக் குறையற சக்தி 3.5 சதவீதம் மாதிரிதான். அப்படிப் பார்த்தா 16 வந்த வண்டி 15.4 குடுக்கணும். முன்னாடி சுத்தமான பெட்ரோல் போட்டதா வெச்சுக்கிட்டாலும் 14.9. மிச்சம் ரெண்டு கிலோமீட்டர் எங்க போச்சு?

முதல்ல அளவைச் சரிபாருங்க. ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் ஆட்டோ கட்டோட (டேங்க் நிரம்பினதும் பம்ப் தானா நிக்கறது) நிறுத்தி, குறைஞ்சது 20 லிட்டர் காலியானப்புறம் மறுபடி அதே மாதிரி நிரப்பிக் கணக்குப் போடணும். அஞ்சு லிட்டருக்குப் பார்த்தா, ஆட்டோ கட் அரை லிட்டர் முன்னப் பின்ன நின்னாலே 10 சதவீதம் தப்பிடும். புது டயர் போட்டப்ப சைஸ் மாறுச்சான்னும் சொல்லுங்க. பெரிய டயர்னா ஓடோமீட்டர் குறைச்சுக் காட்டும்.

அடுத்தது கூலன்ட் சூடு. ஸ்கேனர் மாட்டறதுக்குன்னே வண்டியில இருக்கற 16 பின் ஓபிடி சாக்கெட்டுல சாதாரண புளூடூத் ஸ்கேனர் போட்டு, அரை மணி நேரம் ஓட்டினப்புறம் பாருங்க. 85-க்கு மேல நிக்கணும். 70-க்குக் கீழ சுத்துதுன்னா பேக்கேஜை மறந்துடுங்க. தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடற வால்வ்) திறந்தபடி மாட்டியிருக்கு, இல்ல யாரோ கழட்டி எறிஞ்சிருக்காங்க.

பட்டறை_அண்ணன்

தம்பி, தெர்மோஸ்டாட்டைக் கழட்டினவங்க ஒண்ணும் முட்டாளில்ல. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு? அது மூடினபடி மாட்டிக்கிட்டா ஹெட் கேஸ்கெட் போயிரும், ஹெட்டே வளைஞ்சிரும். மைலேஜ்ல ஒண்ணு குறைஞ்சாப் பரவால்ல, இன்ஜின் தப்பிக்கும்ல.

அளவுகோல்

> நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?

வெளிய 40 டிகிரிண்ணே, இன்ஜினுக்கு வேண்டியது 85-க்கு மேல. அதைக் கழட்டிட்டா ஹைவேல காத்து அடிக்க அடிக்க கூலன்ட் 65, 70-லயே நிக்கும். இன்ஜின் இன்னும் சூடாகலைன்னு நினைச்சு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலக்கும். டிப்ஸ்டிக்கை மோந்தா பெட்ரோல் வாடை வர்றது இதனாலதான்.

இன்னொண்ணு, சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்திருக்கும். கொஞ்சம் சுடுதண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும். சிக்னல்ல நிக்கறப்ப அந்த வண்டிதான் முதல்ல கொதிக்கும்.

மூடி மாட்டிக்கறதுக்குக் காரணம் குழாய்த் தண்ணி. கூலன்ட் ஊத்தாம வருஷக்கணக்கா ஓட்டினா துருவும் உப்பும் படியும். புதுசு போடறதுக்கு முன்னாடி அடுப்புல தண்ணி வெச்சு, தெர்மோஸ்டாட்டை நூல்ல கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோட பாருங்க. 82-ன்னு அச்சடிச்சிருந்தா அந்தப் பக்கத்துல திறக்க ஆரம்பிக்கணும். 95 வர்றதுக்குள்ள வாய் நல்லா திறந்திருக்கணும். அடிப்பக்கம் படக்கூடாது, பட்டா தப்பா காட்டும்.

பட்டறை_அண்ணன்

கூலன்ட் விஷயம் சரி. ஆனா கூலன்ட் சூடு ஸ்கேனர்ல 88 காட்டியும் பெட்ரோல் குடிக்கிற வண்டி எத்தனையோ உண்டு. எக்ஸாஸ்ட் புகையில மிச்சமிருக்கற ஆக்சிஜனை அளக்கற ஆக்சிஜன் சென்சாரை விட்டுட்டீங்களே. மதுரைக்காரரே, பிளக்கைக் கழட்டி மூக்கைப் பாருங்க. வெளிர் பழுப்பா இருந்தா நல்லது. காஞ்ச கரி மாதிரி கறுப்பா, விரல்ல ஒட்டினா பெட்ரோல் அதிகம். கறுப்பு பிசுபிசுன்னு எண்ணெயா இருந்தா அது வேற கதை, பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கும்.

கலப்பு_வேண்டாம்

அதான் அண்ணே நானும் சொல்றேன். இ20 போட்டா சென்சார் "காத்து ஜாஸ்தி"ன்னு காட்டும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். ஸ்கேனர்ல ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற கணக்கு) பிளஸ்ல வரும். உடனே சென்சாரை மாத்துன்னு 3,000 ரூபா பில் போடுவாங்க. குத்தம் பெட்ரோல்ல!

அளவுகோல்

அது உண்மைதான், ஆனா எவ்வளவு பிளஸ்? பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும். அந்தக் கணக்குப்படி லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 4-லிருந்து 8 வரை வந்தா இ20-னு விட்டுடலாம். பிளஸ் 15, 20-ன்னா எங்கயோ ஓட்டை.

அந்த ஓட்டை பெரும்பாலும் ரெண்டு இடம். ஒண்ணு, த்ராட்டிலுக்கு அப்புறம் இருக்கிற வேக்கம் ஓஸ், பிசிவி ஓஸ் (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோற குழாய்). ஐடிலிங்ல கார்புரேட்டர் கிளீனரை வெடிப்பு தெரியற இடத்துல மட்டும் துளி அடிங்க. இன்ஜின் சத்தம் மாறினா அங்கதான் ஓட்டை. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அடிச்சிராதீங்க, தீப்பிடிக்கும். ரெண்டாவது, சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்ல கசிவு. அங்க வெளிக்காத்து உள்ள போகும், சென்சார் ஏமாறும், தேவையே இல்லாம பெட்ரோல் கூடும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் "டிக் டிக்"னு வர்ற சத்தம், சூடானதும் அடங்கும். இப்படிப்பட்ட வண்டிக்குப் புது சென்சார் போட்டாலும் மைலேஜ் வராது.

சென்சாரைச் சோதிக்க, இன்ஜின் நல்லா சூடானப்புறம் 2,500 ஆர்பிஎம்-ல பிடிச்சு வோல்டேஜைப் பாருங்க. 0.2-க்கும் 0.8-க்கும் நடுவுல ஓயாம ஏறி இறங்கணும். 0.1-லயே கிடந்தா இன்டேக் வழியா கொஞ்சம் கிளீனர் காட்டுங்க. 0.8-க்குத் தாவினா சென்சார் உயிரோட இருக்கு, கசிவைத் தேடுங்க. அசையவே இல்லைன்னா மாத்துங்க.

ஹைவே_ராஜா

இவ்வளவு எதுக்கு? டயர்ல 40 பிஎஸ்ஐ அடிங்க. மைலேஜ் தானா வரும்.

பட்டறை_அண்ணன்

மழையில பிரேக் அடிக்கறப்ப ரோட்டைப் பிடிக்காது தம்பி, நடு ட்ரெட் சீக்கிரம் மொட்டையாகும். கதவுத் தூண்ல ஒட்டியிருக்கற அளவுக்கு மேல, டயர் ஆறினப்ப ரெண்டு பிஎஸ்ஐ கூட்டு, அதுக்கு மேல வேண்டாம். ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா 0.2 சதவீதம்தான் போகும். அதுல மூணு கிலோமீட்டர் தேட முடியாது.

மதுரை_கே10

நன்றி. டயர் பழைய சைஸ்தான். கூலன்ட் 87-88. ட்ரிம் பிளஸ் 6. சென்சார் ஏறி இறங்குது. பிளக் பழுப்புதான். இப்ப?

அளவுகோல்

அப்ப எரியற பக்கம் சுத்தம். இ20-க்கு உண்டான பங்கு ட்ரிம்ல தெரியுது, கலப்பு_வேண்டாம் அதை எடுத்துக்கட்டும். மிச்சம் எங்கயோ இழுக்குது. சமதரையில 40 கி.மீ. வேகத்துல நியூட்ரல்ல விட்டா சட்டுனு நிக்குதா? பிரேக் அதிகம் மிதிக்காம ஓரம் கட்டி, நாலு வீலையும் ரிம் பக்கம் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க. ஒண்ணு மட்டும் அனலடிச்சா அதுதான்.

பட்டறை_அண்ணன்

பின்னாடிதான் முதல்ல பாக்கணும். முன் வீலுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வெச்சு, ஹேண்ட்பிரேக்கை விட்டுட்டுச் சுத்துங்க. ஒரு கையால சுத்தினா தடையில்லாமச் சுத்தணும். பிரேக் ஷூ தேஞ்சப்ப அட்ஜஸ்டரைத் தொடாம, ஹேண்ட்பிரேக் கேபிளை இழுத்து டைட் வெச்சுருப்பாங்க. லிவர் ரெண்டு க்ளிக்லயே பிடிக்கும், ஷூ எப்பவும் டிரம்மை உரசிக்கிட்டே இருக்கும். கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைச் சரிபண்ணி, அப்புறம்தான் கேபிள்.

முன்னாடி டிஸ்க் பிரேக்ல காலிப்பர் (பேடை அழுத்தற பாகம்) நகர்ற ஸ்லைட் பின் காஞ்சு பிடிச்சிருக்கும். கழட்டி, துரு துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடணும். சாதா கிரீஸ் போட்டா ரப்பர் பூட் உப்பிரும், பின் மறுபடி பிடிக்கும். டிஸ்க்ல பேடு லேசா உரசறது சகஜம், அதைக் கோளாறுன்னு நினைக்காதீங்க.

கலப்பு_வேண்டாம்

அப்ப அந்த 9,000 பேக்கேஜ்?

அளவுகோல்

இது போர்ட் இன்ஜெக்ஷன், அதாவது இன்டேக் வால்வுக்கு முன்னாடியே பெட்ரோலைத் தெளிக்கற வகை. இன்டேக் வால்வ் பின்பக்கத்தைப் பெட்ரோலே கழுவிக்கிட்டிருக்கும், கரி அவ்வளவு சேராது. ட்ரிம் 6-ல இருக்கறப்ப இன்ஜெக்டர் அடைப்புன்னு சொல்ல ஆதாரமில்ல. ஆயில் மட்டும் மாத்தலாம். மேனுவல் 5டபிள்யூ-30 சொன்னா அதையே ஊத்தணும். "பழைய இன்ஜின் சார், கெட்டியா ஊத்துவோம்"னு 20டபிள்யூ-50 ஊத்தியிருந்தா அதுலயும் ஒண்ணு ரெண்டு சதவீதம் போயிருக்கும்.

பட்டறை_அண்ணன்

ஆயில் குடிக்கிற இன்ஜினா இருந்தா நான் கெட்டி ஆயில்தான் ஊத்துவேன், அதை மாத்திக்க முடியாது.

அளவுகோல்

கம்ப்ரஷன் பாத்துட்டு ஊத்துங்கண்ணே. ஃபியூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, எல்லாப் பிளக்கையும் கழட்டி, காயில் கனெக்டரை விலக்கி, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு கிராங்க் பண்ணணும். மூணு சிலிண்டருக்கும் நடுவுல 10-15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா, குறைஞ்சதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வ். வால்வுக்குக் கெட்டி ஆயில் என்ன செய்யும்?

மதுரை_கே10

இடது பின் வீல் கையால சுத்தவே கஷ்டமா இருக்கு. ஹேண்ட்பிரேக் ரெண்டாவது க்ளிக்ல பிடிக்குது. டிரம்மைக் கழட்டலாம்னா வர மாட்டேங்குது.

பட்டறை_அண்ணன்

கேபிளை முழுசாத் தளர்த்திட்டு, டிரம் முகத்துல ரெண்டு போல்ட் ஓட்டை இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் எட்டு எம்எம் போல்ட் ஏறும். ரெண்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணினா டிரம் தானா வெளிய வரும். சுத்தியால விளிம்புல அடிக்காதீங்க, வெடிச்சிரும். உள்ள ஈரமா இருந்தா வீல் சிலிண்டர் கசியுது. அப்ப அட்ஜஸ்ட் பண்றதோட நிறுத்தாம, சிலிண்டரும் ரெண்டு பக்க ஷூவும் சேர்த்து மாத்திடுங்க.