கதவு வளையம்: ஒரே வாரத்தில் கொத்துகள் தளர்கின்றன

பசுங்கொத்து:
கதவில் அலங்காரமாக மாட்டும் வளையத்துக்காக (wreath) 30 செ.மீ. வட்டக் கம்பி ஃபிரேமில் பைன் கிளைகளை வைத்துக் கட்டுகிறேன். முதல் நாள் அடர்த்தியாக இருக்கும் வளையம் ஒரு வாரத்தில் தளர்ந்து, ஓரிடத்தில் வெற்றுக் கம்பி தெரிகிறது. ஹாட் க்ளூவில் (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை) ஒட்டிய பைன் காய்களும் உதிர்கின்றன. கம்பியை மாற்றவா, கட்டும் முறையை மாற்றவா?

கம்பிச்சுருள்:
முறையைத்தான். வெட்டிய கிளை காயக் காயத் தண்டு சுருங்கும். அதோடு கட்டும் தளரும். கிளைகளை முந்தைய இரவே வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள்.

22 அல்லது 24 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) கம்பிச் சுருள் போதும். ஒவ்வொரு கொத்துக்கும் 12–15 செ.மீ. நீளத்தில் நான்கைந்து குச்சிகள். தண்டை ஃபிரேமோடு சேர்த்து மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்குங்கள். முக்கியமானது, கொத்துக்குக் கொத்து கம்பியை வெட்டாதீர்கள். கடைசி வரை ஒரே கம்பியாக ஓடினால்தான் இறுக்கம் நிற்கும். அடுத்த கொத்தின் நுனி முந்தைய கட்டை மறைக்கும்படி 6 செ.மீ. இடைவெளியில், எல்லாம் ஒரே திசையில். ஒன்றை வெளிப்பக்கமும் அடுத்ததை உள்பக்கமும் லேசாகச் சாய்த்தால் இரண்டு ஓரமும் மூடும். உங்கள் ஃபிரேமுக்குச் சுமார் 16 கொத்து பிடிக்கும்.

வெற்றிடம் பெரும்பாலும் முடிகிற இடத்தில்தான் விழும். முதல் கொத்தின் தலையைத் தூக்கி, கடைசிக் கொத்தின் தண்டை அதன் அடியில் செருகிக் கட்டுங்கள்.

செதில்:
பைன் காய்க்குப் பசை வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் செதில்கள் மூடும், காய்ந்தால் விரியும். அந்த அசைவில் பசை விட்டுவிடும். வெயிலில் க்ளூ இளகும், கடுங்குளிரில் நொறுங்கும். 30 செ.மீ. கம்பியை அடியிலிருந்து இரண்டாம் வரிசைச் செதில்களுக்குள் சுற்றி முறுக்கி, ஃபிரேமின் பின்னால் கட்டுங்கள். கம்பி முனையை உள்ளே மடக்காவிட்டால் கதவு பெயின்ட்டைக் கீறும்.

பசுங்கொத்து:
நன்றி. கதவில் நேர் வெயில் படுகிறது. தண்ணீர் தெளித்தால் தாங்குமா?

கம்பிச்சுருள்:
இரண்டு நாளுக்கு ஒருமுறை பின்பக்கம் தெளித்தால் காய்வது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே. முன்னால் கண்ணாடிக் கதவும் இருந்தால் நடுவில் வெப்பம் தேங்கி ஊசியிலை சீக்கிரம் பழுத்துக் கொட்டும். அப்படிப்பட்ட கதவுக்குக் காய்ந்த கொடிகளைச் சுற்றிச் செய்த வளையமும் உலர்பூக்களும்தான் பொருத்தம். காய்ந்த பைன் மளமளவென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் மெழுகுவர்த்தி வைக்கவே கூடாது.

செதில்:
மாட்டும்போது ஒரு கொக்கியில் விட்டால் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வளையம் சுழன்று ரிப்பன் முடிச்சு பக்கவாட்டுக்குப் போய்விடும். பின்னால் இரண்டு இடத்தில் கம்பி வளையம் போட்டு, அவற்றில் மாட்டுங்கள்.