எழுத்துருவுக்குப் பக்கத்தில் எழுத்தெண்

நண்பர்களுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

கோப்பைச் சேமிக்கும் பெட்டியில் 'என்கோடிங்' என்று ஒரு சொல் வரும்; எழுத்துகளை எந்த முறையில் எண்ணாக்கிப் பதிய வேண்டும் என்று கேட்பது அது. அதற்குத் தமிழில் 'எழுத்தெண் முறை' என்று நான் முன்மொழிந்திருந்தேன். 'குறியாக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். புழங்குகிற சொல்லைக் கலைக்க வேண்டாம் என்ற அவர் கவலை நியாயமானது. ஆனாலும் இந்த ஓர் இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் கோயில் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தைப்பூச அன்னதானத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலைச் செயலாளர் அக்கா ஒரு பழைய கணினியில் வெறும் உரைக்கோப்பாகத் தட்டி வைத்தார். சேமிக்கும்போது என்கோடிங் 'ஆன்சி' என்று, தமிழுக்கு இடமில்லாத பழைய முறையில், இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். ஏதோ எச்சரிக்கை வந்ததாம், ஓக்கே கொடுத்தாராம். மறுநாள் திறந்தால் தொலைபேசி எண்கள் இருக்கின்றன, ரிங்கிட் தொகை இருக்கிறது, பெயர்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. சரவணன் என்ற பெயருக்கு ஆறு கேள்விக்குறி. "எழுத்து அஞ்சுதானே?" என்று கேட்டார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொது முறையான யூனிகோடில் மெய்யின் புள்ளிக்கும் தனி எண் உண்டு, அதனால் ஆறு.

அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். "ஃபாண்ட் போயிருச்சு தம்பி, வேற ஃபாண்ட் போட்டுக் கொடு."

ஃபாண்டை, அதாவது எழுத்துருவை, மாற்றுவது ஒரு காலத்தில் சரியான வைத்தியம். டிஸ்கி, டாப், டாம் என்று பல தமிழ் எண் முறைகள் புழங்கிய நாள்களில், 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த சமயத்திலும், எழுத்துரு தன் எண் வரிசையைத் தானே சுமந்து வந்தது. எழுத்துருவை மாற்றினால் கிறுக்கலாகத் தெரிந்த கடிதம் தமிழாகிவிடும். இன்று உரு வேறு, எண் வேறு. யூனிகோடில் 'க' என்றால் 2965, எந்த எழுத்துருவில் பார்த்தாலும் அதே 2965. அக்காவின் கோப்பில் அந்த எண்கள் போய், கேள்விக்குறியின் எண்ணான 63 வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது. ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி தட்டினோம், இரண்டு மாலை ஆனது.

அதனால்தான் 'எழுத்தெண்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது எழுத்துரு, கோப்புக்குள் கிடப்பது எழுத்தெண். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னாலே வேறுபாடு விளங்கிவிடும். 'குறி' என்ற வேரில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்: ஒருங்குறி, குறியீடு, குறிமுறை, நிறுத்தக்குறி. குறியாக்கத்தைச் சிலர் ரகசியமாகப் பூட்டி வைப்பதற்கும் சொல்கிறார்கள்.

எழுத்தெண் என்றால் எழுத்துகளின் எண்ணிக்கை என்று நினைக்க மாட்டார்களா என்று ஒரு தோழி கேட்டிருந்தார். அதற்கு எண்ணிக்கை என்றே சொல் இருக்கிறதே. குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

இன்னொருவர் எழுப்பிய கேள்வி கனமானது. 'க'வின் எண் 2965தான், ஆனால் யூனிகோடு எண்ணைக் கோப்பில் எழுதும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 அதை 224, 174, 149 என்று மூன்று பைட்டாக எழுதுகிறது, இன்னொன்றான யூடிஎஃப்-16 இரண்டே பைட்டில் எழுதுகிறது. எண் ஒன்று, எழுதி வைக்கும் விதம் வேறு. பெட்டி கேட்பது அந்த விதத்தைத்தானே என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். முதலில் நான் 'எழுத்தெண் முறை' என்று சொல்லியிருந்தேன், அதில் இந்த வேறுபாடு வரவில்லை. பெட்டியில் 'எழுத்தெண் பதிவு' என்று போடுவோம். எழுத்தெண் என்பது தனி எழுத்தின் எண்ணுக்கு மட்டும் இருக்கட்டும்.

நேற்று இரண்டு சொல்லையும் ஒரு தாளில் எழுதி அக்காவிடம் காட்டினேன். குறியாக்கத்தைப் பார்த்துவிட்டு, பாஸ்வேர்டு போட வேண்டுமா என்றார். எழுத்தெண் பதிவைப் பார்த்துவிட்டு, "எதுல பதியணும்?" என்றார். யூடிஎஃப்-8இல் என்று சொன்னேன், மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டார்.